ஐம்பத்தெட்டு மில்லிமீட்டர்

முதலில் அந்த டீயைக் குடித்துவிடுங்கள் மேடம், ஆறிப்போகிறது. நான் எங்கும் ஓடிவிட மாட்டேன். நீங்கள் நீட்டிய வாக்குமூலத் தாளை இரண்டு முறை படித்தேன். எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. இரண்டாம் பத்தியில் ஒரு வரியை மட்டும் திருத்த வேண்டும். திருத்தினால் கையெழுத்துப் போட்டுவிடுகிறேன்.

'கண்ணாடிக் கடை ஊழியரின் கவனக்குறைவால் வேறொருவரின் அளவுச்சீட்டு மாறி, லென்ஸ்கள் தவறான அளவில் பொருத்தப்பட்டிருக்கின்றன' என்று எழுதியிருக்கிறீர்கள். பத்தொன்பது வருஷமாக அந்தக் கடையின் பின்னறையில் உட்கார்ந்து லென்ஸ் அறுக்கிறேன். ஒரு நாளைக்கு முப்பது ஜோடி போகும். என் மேஜையில் ஒரு சீட்டும் மாறியதில்லை. எங்கள் முதலாளியைக் கேட்டுப் பாருங்கள். அவர் வாயிலிருந்து என்னைப் பற்றி நல்ல வார்த்தை வராது, ஆனாலும் இதை மறுக்கமாட்டார்.

"இதுல கையெழுத்துப் போடுங்க, அபராதத்தோட முடிஞ்சிடும், சாயங்காலம் வீட்டுக்குப் போயிடலாம்" என்றீர்கள். நல்ல மனசோடுதான் சொன்னீர்கள். ஆனால் செய்யாத தப்பை எப்படி மேடம் ஒத்துக்கொள்வது? நாளைக்கு வேறொரு கடைக்காரன் இந்தத் தாளைப் படித்துவிட்டு, "அளக்கத் தெரியாதவன்" என்று சிரிப்பான்.

கடைசி வரியில் 'வீட்டிலிருந்த வி.ஆர். ஹெட்செட்டும் காரணமாக இருந்திருக்கலாம்' என்று இன்னொன்று இருக்கிறது. அதையும் எடுத்துவிடுங்கள். அது நல்ல பொருள். வாங்கிக் கொடுத்தவன் நான். அதன் நல்லது கெட்டது எனக்குத் தெரிந்த அளவுக்கு வேறு யாருக்கும் தெரியாது.

எங்கள் வீட்டில் அதைப் பெட்டி என்றுதான் சொல்வோம். என் தங்கை துறைமுகக் கிரேன் ஓட்டப் படித்துக்கொண்டிருந்தாள். சின்ன வயதிலிருந்தே உயரம் என்றால் அவளுக்குக் கொண்டாட்டம். பயிற்சி நிலையத்தில் இருப்பது ஒரே ஒரு கிரேன், படிப்பவர்கள் நாற்பது பேர். வாரத்துக்கு அரை மணி நேரம்தான் ஒருவருக்குக் கிடைக்கும். பெட்டியைத் தலையில் மாட்டிக்கொண்டால் வீட்டுக்குள்ளேயே தொண்ணூறு அடி உயரத்தில் உட்காரலாம், கண்டெய்னரைத் தூக்கலாம், இறக்கலாம். கை தவறினால் கண்டெய்னர்தான் விழும், அதுவும் பொய்க் கண்டெய்னர். ஆள் சாகாது, சாமான் உடையாது. இதைவிட நல்ல வாத்தியார் எங்கே கிடைப்பார்?

குறை இல்லாமலில்லை. கனம் கன்னத்தில் அழுத்தும். ஒரு மணி நேரம் போட்டுக் கழற்றினால் கண்ணைச் சுற்றிச் சிவப்பாக வட்டம் விழுந்திருக்கும். வியர்க்கும். சார்ஜ் இரண்டு மணி நேரத்துக்கு மேல் நிற்காது. அறைக்குள் யார் வந்தார்கள், யார் போனார்கள் என்று மாட்டியிருப்பவருக்குத் தெரியாது. நான் வேலை முடிந்து வந்து வாசல் பக்கம் கால் மணி நேரம் நின்று பார்த்துக்கொண்டிருப்பேன். அவளுக்குத் தெரியவே தெரியாது. இதைக் குறை என்று சொல்வதா, நல்லது என்று சொல்வதா, எனக்குத் தெரியவில்லை.

எல்லாவற்றையும்விடப் பெரிய குறை தலைசுற்றல். சிலருக்கு வரும், சிலருக்கு வராது. பெட்டிக்குள் இரண்டு லென்ஸ் இருக்கும், கீழே அவற்றை நெருக்கவும் விலக்கவும் ஒரு சின்னச் சக்கரம். எங்கள் தொழிலிலும் இதுதான் மேடம் எல்லாமே. இரண்டு கருமணிகளுக்கும் நடுவே எத்தனை மில்லிமீட்டர் என்று அளந்து, லென்ஸின் நடுப்புள்ளியை அதற்கு நேராக வைக்க வேண்டும். என் தங்கைக்கு ஐம்பத்தெட்டு. எனக்கு அறுபத்தெட்டு. உங்களுக்கு அறுபத்திரண்டு இருக்கும். அளக்காமலே சொல்லிவிடுவேன், வேண்டுமானால் பிறகு சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

அம்மா போனபோது அவளுக்குப் பதினொரு வயது, எனக்கு இருபத்துநான்கு. அப்பா அதற்கு முன்பே இல்லை. அவளுக்குத் தலை பின்னிவிடக்கூட நான்தான் கற்றுக்கொண்டேன், கோணல்மாணலாகத்தான் வரும், அவளும் அப்படியே பள்ளிக்கூடம் போய்விடுவாள். எனக்குப் பெண் கொடுக்க வந்தவர்கள் எல்லோரும் "தங்கச்சி எத்தனை நாளைக்கு உங்ககூட இருப்பா?" என்று கேட்டார்கள். "எப்பவும்" என்பேன். அதோடு அவர்கள் டீயைக் குடித்துவிட்டுப் போய்விடுவார்கள். அவளை உள்ளங்கையில் வைத்துத் தாங்கினேன். மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது, ஐம்பத்துநான்கு படி. காய்ச்சல் வந்தால் அவளைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்குவேன்.

முதல் தடவை நடந்தது தற்செயல்தான். அதை நம்புவீர்களோ மாட்டீர்களோ.

அவளுடைய கண்ணாடியின் பவரிலேயே இரண்டு குட்டி லென்ஸ் அறுத்துப் பெட்டிக்குள் பொருத்திக் கொடுத்திருந்தேன். கண்ணாடியோடு அதை மாட்டினால் மூக்கு நசுங்கிவிடும். எனக்கும் ஏறக்குறைய அதே பவர்தான், அப்பா எங்களுக்கு விட்டுப்போன ஒரே சொத்து. ஒரு சாயங்காலம் கடல் பார்க்கலாம் என்று நானே மாட்டிப் பார்த்தேன். சக்கரத்தை என் அளவுக்குத் திருப்பினேன், பார்த்தேன், கழற்றி வைத்தேன். திருப்பி வைக்க மறந்துபோனேன். மறுநாள் காலை பத்து மணிக்கு அவளுக்குத் துறைமுகத் தேர்வு. போவதற்கு முன்னால் ஒரு மணி நேரம் பெட்டியில் பழகினாள். கழற்றியவள் எழுந்து நிற்க முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு தடவை வாந்தி எடுத்தாள். தேர்வுக்குப் போகவில்லை.

நான் கடைக்கு லீவு சொன்னேன். நாள் முழுக்க அவள் என் மடியில் தலை வைத்துப் படுத்திருந்தாள். நெற்றியில் ஈரத்துணி போட்டு மாற்றிக்கொண்டே இருந்தேன். சாயங்காலம் கண்ணைத் திறக்காமலே, "அண்ணா, நீ மட்டும் இல்லைன்னா நான் என்ன ஆவேன்?" என்றாள். பதினான்கு வருஷத்தில் அன்றைக்குத்தான் அவள் அதைச் சொன்னாள். அவள் தூங்கிய பிறகு சக்கரத்தைப் பார்த்தேன். அறுபத்தெட்டு. எனக்கு என்ன தோன்றியது என்று கேட்டால், வெட்கமில்லாமல் சொல்கிறேன், சந்தோஷமாக இருந்தது.

சக்கரத்தை ஐம்பத்தெட்டுக்கே திருப்பி வைத்தேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அடுத்த வாரம் கடிதம் வந்தது. மூன்று மாதத்தில் மறுதேர்வு. தேறினால் வேலை வேறு ஊரில், ஒரு பகல் பயணம், அங்கேயே தங்க அறை கொடுப்பார்கள். அவள் கடிதத்தைப் படித்துவிட்டுக் குதித்தாள். நான் அந்த ஊர்ப் பெயரை மட்டும் திரும்பத் திரும்பப் படித்தேன். "நான் போயிட்டா நீ சமைச்சுச் சாப்பிடுவியா, இல்ல பிரெட்டைக் கடிச்சுக்கிட்டு கெடப்பியா?" என்று கேலி செய்தாள். சாப்பாட்டைப் பற்றித்தான் அவளுக்குக் கவலை.

ஒரேயடியாகத் திருப்பவில்லை. ஐம்பத்தொன்பது. நான்கு நாள் கழித்து அறுபது. அப்புறம் அறுபத்திரண்டு. கண் கெட்டிக்காரத்தனமானது மேடம், கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தால் தாங்கிக்கொள்ளும், தலைதான் பாரம் சுமக்கும். அவளுக்குத் தலைவலி வந்தது, பிறகு கிறக்கம், பிறகு படி இறங்கும்போது கைப்பிடியை விடாமல் இறங்கினாள். "அண்ணா, உள்ள அளவு சரியா இருக்கான்னு பாரேன்" என்று ஒரு நாள் கேட்டாள். "உன் அளவு எனக்குத் தெரியாதா?" என்றேன். தெரியும் என்பதால்தானே சொன்னேன், அது பொய்யில்லை.

காது டாக்டரைப் பார்த்தோம். நரம்பு டாக்டரைப் பார்த்தோம். தலையை ஸ்கேன் எடுத்தார்கள். எல்லா இடத்துக்கும் நானேதான் கூட்டிக்கொண்டு போனேன், ஆட்டோவில் அவள் தலையை என் தோளில் சாய்த்துக்கொண்டு. எங்கேயும் ஒன்றும் இல்லை என்றார்கள். நரம்பு டாக்டர் கடைசியில், "கண்ணு செக் பண்ணீங்களா?" என்று கேட்டார். அவள் சிரித்துவிட்டாள். "எங்க அண்ணனே கண்ணாடிக் கடையிலதான் டாக்டர்" என்றாள். அவரும் சிரித்துவிட்டு அந்தக் கட்டத்தில் டிக் போட்டார்.

அவளுடன் படிக்கும் ஒரு பெண் இருக்கிறாள், நெட்டை என்று கூப்பிடுவார்கள், ஆளும் அப்படித்தான். ஒரு நாள் வீட்டுக்கு வந்து, "குடு, எனக்கும் சுத்துதான்னு பார்ப்போம்" என்று பெட்டியை வாங்கி, உள்ளே இருந்த குட்டி லென்ஸ்களைக் கழற்றிவிட்டு மாட்டினாள். நான் சமையலறையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். நெட்டைக்கு அகலமான முகம், கருமணி இடைவெளி அறுபத்தேழாவது இருக்கும். அன்றைக்குச் சக்கரம் இருந்ததும் அறுபத்தேழில். அரை மணி நேரம் ஓட்டிவிட்டு, "எனக்கு ஒண்ணும் ஆகலையேடி, ஜம்முனு இருக்கு" என்று கழற்றி வைத்தாள். கோளாறு தன் தலையில்தான் என்று அன்றைக்கு என் தங்கையே முடிவு செய்துவிட்டாள்.

அந்தப் பெட்டியில் இன்னொரு வசதி உண்டு. அறைக்குள் எவ்வளவு தூரம் நடக்கலாம் என்று நாமே தரையில் கோடு போட்டுக் காட்ட வேண்டும். கோட்டுக்குப் பக்கத்தில் போனால் கண்முன் நீல வலை தோன்றும். அவள் ஒரு முறை அலமாரியில் கையை இடித்துக்கொண்ட பிறகு நான் கோட்டைக் கொஞ்சம் உள்ளே தள்ளிப் போட்டேன். தலை சுற்றுகிறவளுக்கு எதற்கு அவ்வளவு இடம் என்று இன்னும் கொஞ்சம் தள்ளினேன். கடைசியில் நான்கடிக்கு நான்கடி இருந்தது. அதற்குள்ளேயே திரும்பப் பழகிக்கொண்டாள். கதவை மட்டும் நான் ஒரு நாளும் பூட்டியதில்லை.

மறுதேர்வுக்கும் போகவில்லை. ஆனால் அவளும் மக்கு இல்லை. "இந்தப் பெட்டியாலதான்னு எனக்கு ஒரு சந்தேகம்ணா. கொஞ்ச நாள் தொடாம இருந்து பார்க்கிறேன்" என்று அதைத் துணியில் சுற்றி மேலே போட்டாள். நான்கே நாளில் தெளிந்துவிட்டாள். மூன்று வாரம், மேடம். படியில் தடதடவென்று இறங்குவாள், ஏறுவாள். நெட்டையோடு சுற்றுவாள். பயிற்சி நிலையத்துக்கு மறுபடி எழுதிப் போட்டாள். நான் வேலை முடிந்து வந்தால் வீடு பூட்டியிருக்கும். சாவியைப் போட்டுத் திறந்து, விளக்கைப் போடாமல் நாற்காலியில் உட்கார்ந்திருப்பேன். அவள் போய்விட்ட பிறகு தினமும் இப்படித்தான் என்று நினைத்தபோது, வாய்விட்டு அழுதேன். பக்கத்து வீட்டில் கேட்கக்கூடாது என்று தலையணையை வைத்து அழுத்திக்கொண்டேன்.

அவள் பிறந்தநாளுக்குப் புதுக் கண்ணாடி செய்து கொடுத்தேன். மெல்லிய ஃப்ரேம், வெயில் கூசாத லென்ஸ், கிரேன் ஓட்டுகிறவளுக்கு ஏற்றது. நான் செய்ததிலேயே அழகான கண்ணாடி அதுதான். நடுப்புள்ளி அறுபத்தெட்டில். வலது லென்ஸை இரண்டு மில்லிமீட்டர் மேலே தூக்கி வைத்தேன். அதை உங்கள் நிபுணர் கவனிக்கவில்லை, இந்தத் தாளில் காணோம். சீட்டு மாறியிருந்தால் அந்த இரண்டு மில்லிமீட்டர் எப்படி வரும்? வேறொருவரின் அளவு என்கிறீர்கள். அது வேறொருவர் இல்லை, அந்த அறுபத்தெட்டு என்னுடையது.

மாட்டியதும் சுவரைத் தொட்டுப் பார்த்தாள். "தரை மேல எழும்பி வர்ற மாதிரி இருக்குண்ணா." "புதுசு போட்டா எல்லாருக்கும் அப்படித்தான். ரெண்டு வாரத்துல பழகிடும்" என்றேன். கடையில் தினமும் பத்துப் பேரிடம் சொல்லும் வார்த்தை, வாய் தானாகச் சொல்லிவிட்டது. பழைய கண்ணாடியின் ஆணி லூசாக இருக்கிறது என்று வாங்கிக்கொண்டுபோய் லென்ஸை உடைத்துப் போட்டேன். கண்ணாடி இல்லாமல் அவளுக்குக் கை நீட்டும் தூரத்துக்கு மேல் ஒன்றும் தெரியாது.

இப்போது பெட்டி மேல் யாரும் பழி போட முடியாது, இல்லையா? அது மேலே தூசி படிந்து கிடந்தது. தலை அதுபாட்டுக்குச் சுற்றியது. ஒரு மாதம் படுத்துக் கிடந்தாள். ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, சாப்பாடு வைத்தால் இரண்டு வாய், அவ்வளவுதான். பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. நான் கல்நெஞ்சுக்காரன் இல்லை. அவளுக்கும் தலை சுற்றாத இடம் என்று ஒன்று வேண்டும் அல்லவா? பெட்டியை இறக்கி, தூசி தட்டி, சக்கரத்தை ஐம்பத்தெட்டில் வைத்துக் கையில் கொடுத்தேன். "சும்மா கடல் மட்டும் பாரு" என்றேன்.

மாட்டியவள் வெகுநேரம் கழற்றவில்லை. அப்புறம் அதைக் கழற்றாமலே, "அண்ணா, இதுக்குள்ள மட்டும் தலையே சுத்தலண்ணா" என்றாள். அழுதுகொண்டிருந்தாள் என்று குரலில் தெரிந்தது. கண்ணீர் கன்னத்து ரப்பருக்கு அடியிலிருந்து வழிந்தது.

அதற்கப்புறம் ஐந்து மாதம். எங்கள் வீட்டின் நல்ல காலம் அதுதான் என்பேன். காலையில் எழுந்ததும் மாட்டுவாள், சாப்பிட மட்டும் கழற்றுவாள். சார்ஜ் தீர்ந்துவிடுகிறதென்று நீளமான வயர் வாங்கி அலமாரிக்குப் பின்னால் இழுத்துக் கொடுத்தேன். சிவப்பு வட்டம் நிரந்தரமாகிவிட்டது, அதற்கு ஒரு களிம்பு தடவிவிடுவேன். படி இறங்குவதை விட்டுவிட்டாள். ஜன்னலுக்கு வெளியே பார்ப்பதையும் விட்டுவிட்டாள், பார்த்தால் எதிர்வீட்டு மாடி ஆடுகிறதாம். பெட்டிக்குள் அவள் பார்ப்பதை என் ஃபோனிலும் பார்க்கலாம், அது இன்னொரு வசதி. நான் அடுப்படியில் நின்றுகொண்டு ஒரு கையால் கிளறுவேன், மறு கையில் அவளுடைய கடல், அவளுடைய கப்பல், அவளுடைய கண்டெய்னர்கள். "அந்த நீலத்தைத் தூக்கு" என்று குரல் கொடுப்பேன். "வேடிக்கை பார்க்கிறவன் சும்மா இரு" என்பாள். அப்படிச் சிரித்துப் பேசி எத்தனை வருஷமாயிற்று.

நான் செய்த ஒரே பிழை அங்கேதான். கடை வேலையில் ஒரு பிழையும் இல்லை, இதில் செய்துவிட்டேன். பெட்டியிலும் ஒரு மில்லிமீட்டர், வேண்டாம், அரை மில்லிமீட்டர் தள்ளி வைத்திருக்க வேண்டும். சரியான அளவைச் சரியாகவே வைத்துவிட்டேன். பழக்கதோஷம். அவளும் அந்த ஐந்து மாதத்தில் கண்டெய்னரை ஒரு விரல்கடை பிசகாமல் வைக்கும் அளவுக்குத் தேறிவிட்டாள். பாராட்டினேன். என்ன பாராட்டுகிறேன் என்று யோசிக்கவில்லை.

மற்றதை நெட்டை ஆஸ்பத்திரி வராந்தாவில் சொல்லித்தான் எனக்குத் தெரியும். என் தங்கை அவளிடம் ஃபோனில் சொன்னாளாம்: "உள்ள தொண்ணூறு அடியில உட்கார்றேன், ஒரு தடவைகூட தடுமாறலடி. உடம்புல கோளாறு இருந்தா அங்கேயும் சுத்தணும்ல? அப்போ இது வெறும் பயம். பயத்தோடயே ஏறிடறேன். அண்ணன்கிட்ட சொல்லாத, பாவம், கவலைப்படுவான். பாஸ் பண்ணிட்டுச் சொல்லிக்கலாம்."

தேர்வு நாளான செவ்வாய்க்கிழமை, நான் கடையில் இருந்தபோது, நெட்டையின் கையைப் பிடித்துக்கொண்டு ஐம்பத்துநான்கு படியும் இறங்கியிருக்கிறாள். கிரேனின் இரும்பு ஏணியில் ஏறும்போது இடுப்பு பெல்ட்டின் கொக்கியைப் பக்கத்துக் கம்பி வளையத்தில் மாட்டிக்கொண்டே போக வேண்டும். மாட்டினாள். மாட்டியதாக நினைத்தாள். வளையம் அவளுக்குத் தெரிந்த இடத்தில் இல்லை, ஒரு விரல் தள்ளி இருந்தது. அடுத்த படியும் அப்படித்தான். கீழே நின்ற நெட்டை, "காலால தேடினா அண்ணா, தேடிக்கிட்டே இருந்தா" என்று சொல்லிச் சொல்லி அழுதாள். விழுந்தது இருபதடி. கண்ணாடி உடையவில்லை. நான் செய்த கண்ணாடி அவ்வளவு சுலபமாக உடையாது.

அதனால் மேடம், 'கவனக்குறைவு' என்பதை அடித்துவிட்டு, 'தெரிந்தே, அளந்து' என்று எழுதுங்கள். பேனா உங்கள் கையில்தான் இருக்கிறது. நான் செய்தேன். சக்கரத்தைத் திருப்பியதும் நான், லென்ஸை வைத்ததும் நான்.

ஒரே ஒரு வேண்டுகோள். நேற்று அவளுக்கு நினைவு திரும்பியதும் வேறு கடையிலிருந்து ஆளை வரவழைத்தீர்களாமே, கண்ணாடிக்கு அளவெடுக்க. அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாளாம். "எங்க அண்ணன் வரட்டும். அவர்தான் அளக்கணும், வேற யாரும் என் கண்ணைத் தொடக்கூடாது" என்றாளாம். நெட்டை சொன்னாள். ஆக, அவளிடம் நீங்கள் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லவும் வேண்டாம். அரை மணி நேரம் என்னை அங்கே அனுப்பிவையுங்கள், கூட ஒரு போலீஸ்காரரை வேண்டுமானாலும் அனுப்புங்கள்.

இதோ, என் சட்டைப்பையில் ஒரு டப்பா இருக்கிறது, எடுத்துப் பாருங்கள். ஐம்பத்தெட்டு மில்லிமீட்டர், இரண்டு பக்கமும் ஒரே உயரம். பிறந்தநாள் கண்ணாடி செய்த அன்றைக்கே இதையும் செய்துவிட்டேன், நாள் பார்த்துக் கொடுக்கலாம் என்று வைத்திருந்தேன். இப்போது தாராளமாகக் கொடுக்கலாம் மேடம். இனிமேல் அவளால் ஒரு படிகூட இறங்க முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.